திரும்பும் வழிப் பாட்டு

சிங்கப்பெருமாள் கோயிலில் பேண்டு செட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டைத் தாண்டும்போது, வருஷம் திரும்புகிறவரை, நாலு வீடு முன்னாலேயே வாத்தியத்தை நிறுத்திவிடுவார்கள். நாலு வீடு தாண்டிய பிறகுதான் மறுபடியும் ஊதுவார்கள். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் மீறியவன் கிடையாது. ரூத்துக்கு இப்போது உலகத்திலேயே பிடிக்காத மரியாதை இதுதான்.

அவள் புருஷன் ஜோயல் இந்தச் செட்டில் டிரம்பெட் வாசித்தவன். வேலை நாளில் கம்பெனி கேன்டீனில் சாம்பார் கிண்டுவான், முகூர்த்த நாளில் சிவப்புக் கோட்டு மாட்டுவான். இரண்டு வருஷத்துக்கு முன் திருவிடந்தையில் ஒரு ரிசார்ட் கல்யாணம். பெண் வீட்டார் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்கிற ஊரில் இருப்பவர்கள். அந்த ஊர் மாதிரியே ஊர்வலம் வேண்டும் என்று செட்டுக்கு வீடியோ அனுப்பினார்கள். மற்றவர்கள் கல்யாண ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஜோயல் மட்டும் அதற்கு அடுத்து வந்த சாவு ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெண்டாட்டியையும் உட்கார வைத்துக் காட்டினான்.

"பாரு ரூத்து. போறப்போ இன்னா அழுவாச்சி! பொதச்சிட்டு திரும்பி வர்றப்போ அதே பாட்டு, கொடைய புடிச்சிகினு ஆடுறாங்க. போறப்போ வாசிக்கிறது நம்ம துக்கத்துக்கு. வர்றப்போ வாசிக்கிறது போனவன் சந்தோசத்துக்கு. நான் போய்ட்டா நீதான் முன்னாடி ஆடணும்."

"வாய்ல நல்ல வார்த்தையே வராதாயா உனக்கு? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"நாலு பேரு தூக்கத்தான் வருவான். ஆட்டத்துக்கு உன்னத்தான் கூப்பிடறேன்."

அவன் வாய்க்கு எதிர்வாய் பேசி ஜெயித்தவர் இல்லை. ரிசார்ட் கல்யாணத்தில் மிஞ்சிய ஜரிகை வைத்த மஞ்சள் குடை ஒன்றைக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தான். செட்டுக்கே அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தான். தான் போனால் அதை வாசிக்க வேண்டும் என்று பெரிய டிரம் அடிக்கிற துரையிடம் சத்தியமே வாங்கிக்கொண்டான். ரூத் எல்லாவற்றையும் கிண்டல் என்றே நினைத்தாள்.

போன ஆகஸ்டில், கேன்டீனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நாற்பத்தாறு வயது.

செட்டு மொத்தமும் வந்தது. கல்லறைத் தோட்டம்வரை அந்தப் பாட்டை மெதுவாக, அடி மேல் அடி வைத்து வாசித்தார்கள். துரை அழுதுகொண்டேதான் அடித்தான். மண் போட்டு முடித்து எல்லாரும் கேட்டுக்கு வெளியே வந்தபோது அவன் ரூத்திடம் வந்தான்.

"அண்ணி, அண்ணன் சொல்லி வெச்சது. வாசிக்கட்டா?"

பின்னால் எல்லாரும் வாத்தியத்தை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தார்கள். அவள் தலையை ஆட்டினால் போதும். ஜோயலின் அக்கா பாப்பா பக்கத்திலேயே நின்றாள். கடப்பாக்கத்து உறவெல்லாம் நின்றது. புருஷனைப் புதைத்த கையோடு ஆட்டமா என்று கேட்டுவிடுவார்களோ? யாரும் கேட்கவில்லை. ரூத்துதான் பயந்தாள்.

"வேணாம் துரை."

வாத்தியங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். வீடு வருகிறவரை செருப்புச் சத்தம் மட்டும்தான்.

செய்தது சரி என்றே ஒரு மாதம் நினைத்திருந்தாள். பிறகு ஒருநாள் பாப்பா வந்து காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, அன்னிக்கி அந்தப் பசங்க ஏன் சும்மாவே வந்தானுங்க? தம்பி எங்கிட்டகூட சொல்லிகினு இருந்தானே. நான் காத்துகினே வந்தேன்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு ஊர் வாயே திறக்கவில்லை. ஆசைப்பட்டவன் பாட்டுக்கு மூடி போட்டவள் அவள்தான். அன்று இரவு ரூத் அழுத அழுகை, அவன் செத்த அன்றுகூட அழாதது.

அதன் பிறகுதான் இந்த மரியாதை அவளைக் கொல்ல ஆரம்பித்தது. தெருக்கோடியில் பேண்டு கேட்கும். சோற்றில் கை வைத்தபடி காத்திருப்பாள். நாலு வீடு முன்னால் சட்டென்று அடங்கிவிடும். வாசலில் அதே செருப்புச் சத்தம்.

போன ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, சர்ச்சில் தாலி கட்டி முடித்து ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. பேண்டு அடங்கியது. ரூத் பீரோ மேலிருந்த குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பெண் மாப்பிள்ளை காருக்கு முன்னால் செட்டு தாண்டிப் போக, அதில் கடைசியில் வந்த துரை அவளைப் பார்த்துப் பதறி ஓடிவந்தான்.

"மன்னிச்சிக்க அண்ணி, சத்தம் கேட்டுச்சா? அங்கியே நிறுத்திட்டோமே."

"நிறுத்தாதீங்கடா," என்றாள். "அன்னிக்கி நான் வேணாம்னது தப்பு துரை. அந்தப் பாட்ட இப்ப வாசி. நான் ஆடறேன்."

துரை குடையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் டிரம்மின் வாரையே இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

"அது திரும்பி வர்றப்போ வாசிக்கிறது அண்ணி," என்றான். "நாமதான் அன்னிக்கே வூடு வந்து சேந்துட்டமே."

செட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள், போனான். நாலு வீடு தாண்டியதும் பேண்டு எழுந்தது. ரூத் குடையை விரிக்காமலே உள்ளே எடுத்துப் போனாள்.