இடது பக்கத்து சீட்

புது வண்டி விஷயத்தில் சீனிவாசராகவன் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டார். கலர் வெள்ளை, கியர் ஆட்டோமேட்டிக், சீட்டுக்குத் துணி உறை. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டியோடு சேர்ந்தே வருகிற நேவிகேஷன் வேண்டுமா, வேண்டாமா? இந்த ஒரு கேள்விக்காக ராஜாஜி நகர் ஷோரூமில் புருஷனும் பெண்டாட்டியுமாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

வேண்டும் என்று புனேயிலிருந்து போனில் ஒற்றைக் காலில் நின்றவள் மகள் ஷ்ரேயா. அப்பாவுக்கு அறுபத்தாறு வயசாகிறது, செல்போனை ஸ்டாண்டில் மாட்டிக் குனிந்து பார்த்து ஓட்டுகிற வேலையெல்லாம் இனிமேல் சரிப்படாது. பெங்களூரில் போன வாரம் இருந்த ரோடு இந்த வாரம் ஒன்வே ஆகிவிடுகிறது. பெரிய திரையில் காட்டி வாயாலும் சொல்லுகிற ஒன்று வண்டியிலேயே இருந்தால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். விற்பனைப் பெண் லாவண்யாவுக்கும் அதே கட்சிதான். அது அவள் உத்தியோகம். தருமபுரிப் பெண், வந்தவர்கள் தமிழ் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் உரிமையோடு வற்புறுத்தினாள்.

அவர் மசியவில்லை.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பக்கத்துல இவ இருக்காளே."

மனைவி அனந்தலக்ஷ்மிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிராமல் என்ன செய்யும்? கல்யாணமான நாளாக, காரில் அவள் வாயைத் திறந்தாலே அவருக்கு ஆகாது. எதிரே லாரி வந்தாலும் மனசுக்குள் ராமா ராமா என்று சொல்லிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மாநில நீர்ப்பாசன இலாகாவில் இஞ்சினியராக இருந்தவர். அணை கட்டுகிற இடத்தில் நாலு பேர் யோசனையைக் கேட்காதவர் வீட்டுக்காரியிடமா வழி கேட்பார்?

அப்பேர்ப்பட்ட மனுஷர் இரண்டு வருஷமாக அடியோடு மாறிப்போனார். பாங்குக்குப் போனாலும் கூட்டிக்கொண்டு போனார், மருந்துக் கடைக்குப் போனாலும் கூட்டிக்கொண்டு போனார். முடி வெட்டிக்கொள்ளப் போகும்போதுகூட அவள் சலூன் வாசலில் காரிலேயே உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தாள். ஏறி உட்கார்ந்ததும், சொல்லிண்டே வா என்பார். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாள். இந்தப் பக்கம் ஆட்டோ வரான், பைக்காரன் நுழையறான், ம், இப்போ திரும்பலாம். அவர் ஒரு வார்த்தை மறுத்ததில்லை.

இதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாள் என்று கேட்டால், பெண்டாட்டி என்று ஒருத்தி எப்படி எடுத்துக்கொள்வாளோ அப்படித்தான். மல்லேஸ்வரத்தில் அவளோடு சகஸ்ரநாமம் சொல்லுகிற மாமிகள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். இப்போ ரெண்டு வருஷமா எங்காத்துக்காரருக்கு என்னை விட்டு அரை மணி இருக்க முடியறதில்லை என்று அலுத்துக்கொள்வதுபோலச் சொல்லுவாள். பொறாமைப்பட வேண்டியவர்கள் பட்டார்கள். அறுபது வயசில் வந்த சந்தோஷம், இருபத்தைந்தில் வராததால் இரட்டிப்பாக இருந்தது.

ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று லாவண்யா டெமோ வண்டியின் சாவியைக் கொண்டுவந்தாள். அவர் அரை மனசாக எழுந்தார். வழக்கம்போல் மனைவிக்கு முன்கதவைத் திறந்துவிட்டார். அங்கேதான் சிக்கல் வந்தது. டெஸ்ட் டிரைவில் ஷோரூம் ஆள்தான் முன்னால் உட்கார வேண்டும், அது விதி. திரையை இயக்கிக் காட்ட வேண்டியவளும் லாவண்யாதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்படியானால் இன்னொரு நாள் வருகிறோம் என்றார். டிராபிக் ஜாஸ்தியாக இருக்கிறது என்றார். காபி குடித்தது வயிற்றை என்னவோ செய்கிறது என்றுகூடச் சொன்னார்.

அவரைத் தள்ளாத குறையாக ஏற்றி உட்காரவைத்தது அனந்தலக்ஷ்மிதான். அவளுக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. இன்றைக்கு அந்த மெஷினே வழி சொல்லட்டும், நான் வாயே திறக்கப் போவதில்லை, பத்தே நிமிஷத்தில் மனுஷருக்கு என் அருமை தெரிந்துவிடும். இப்படி நினைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய தப்பை அவள் ஆயுசில் செய்ததில்லை. செய்யும்போது விளையாட்டாகத்தான் இருந்தது.

மெஷின் பெண் குரலில் பேசியது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. நவரங் சிக்னலைத் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. ஆனால் பின்னாலிருந்து பார்க்கிறபோது புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. திரை அவருக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. அதைப் பார்க்க மற்றவர்களைப்போல அவர் கண்ணை ஓட்டவில்லை; கழுத்தையும் தோளையும் சேர்த்துத் திருப்பினார், திரும்ப ரோட்டுக்கு வந்தார். இரண்டு தடவை, சொல்லு என்றார். அதுவே சொல்லும் சார் என்றாள் லாவண்யா. அனந்தலக்ஷ்மி பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். குறுக்குத் தெருவில் இடது பக்கம் திரும்பச் சொல்லிற்று குரல். அந்தப் பக்கமாக ஒரு ஸ்கூட்டர் கூடவே வந்துகொண்டிருந்தது. ஓட்டியவள் ஒரு சின்ன வயசுப் பெண், முன்னால் யூனிஃபார்மோடு ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. ஸ்கூட்டர் ஒன்றும் பறந்து வரவில்லை. அனந்தலக்ஷ்மி அதைக் கொஞ்ச நேரமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். கண்ணெதிரே இத்தனை பெரிசாக ஒரு ஸ்கூட்டர் போகும்போது அவருக்கா தெரியாது?

அவர் வண்டியை நேரே அதன்மேல் திருப்பினார்.

லாவண்யா அலறியதும் பிரேக் விழுந்ததும் ஒன்றாக நடந்தன. ஸ்கூட்டர் சாய்ந்து, அந்தப் பெண் காலை ஊன்றிக் குழந்தையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டாள். குழந்தையின் சாப்பாட்டுப் பை ரோட்டில் விழுந்து டப்பா உருண்டது. காருக்கும் குழந்தையின் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"கண்ணு காணிசல்வேன்ரி?" என்று அந்தப் பெண் கன்னடத்தில் கத்தினாள்.

கண் தெரியலையா என்பது பெங்களூர் ரோட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் ஆயிரம் பேரைக் கேட்கிற கேள்வி. யாரும் பதில் சொல்லுவதில்லை, பதிலுக்குக் கத்துவார்கள். சீனிவாசராகவன் கத்துவதில் யாருக்கும் இளைத்தவர் இல்லை. அன்றைக்கு அவர் கண்ணாடியை இறக்கி, தப்பாயித்தம்மா என்று கன்னடத்திலேயே தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார்.

அனந்தலக்ஷ்மி இறங்கிப்போய் டப்பாவை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போன பிறகு, லாவண்யா வழி சொல்ல, அவர் வண்டியை ஓரம்கட்டினார். அவர் இறங்கி, கதவில் சாய்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அனந்தலக்ஷ்மி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவருக்கு இடது பக்கமாக நின்று நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கோபம் என்று நினைத்தாள். இன்னும் கிட்டே, கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பாட்டிலை இடுக்கிக்கொண்டு, கையை அவருடைய இடது கண்ணுக்கு எதிரே மெதுவாக ஆட்டினாள். அவர் இமைக்கவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தினமும் படுக்கப் போகுமுன் அவர் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறவளே அவள்தான். கண் வறட்சி என்று சொல்லியிருந்தார். வலது கண்ணுக்கு மட்டும்தான் மருந்து, அதனால் கோளாறு வலது கண்ணில் என்றும், இடது கண் கல்லுமாதிரி நன்றாக இருக்கிறது என்றும் இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். ரோட்டோரத்தில் நிற்கும்போது அது தலைகீழாகப் புரிந்தது. மிச்சம் இருக்கிற கண்ணுக்குத்தானே மருந்து விடுவார்கள்?

"அந்தக் கண்ணுல என்ன தெரியறது?" என்று கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. "சாம்பல் பூசினாப்பல இருக்கும். வேற ஒண்ணும் தெரியாது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமாச்சு. கண்ணுல பிரஷர். நான் டாக்டரைப் பார்க்கறதுக்குள்ளேயே போயிடுத்து."

"வண்டி ஓட்டலாம்னாரா டாக்டர்?"

"அதை நான் கேக்கலை," என்றார்.

லாவண்யா வண்டியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனாள். அவர்கள் இரண்டு பேரும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அனந்தலக்ஷ்மிக்குப் போன மாசம் மேல்கோட்டைக்குப் போய்வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பும்போது மைசூர் ரோட்டில் அவள் இரண்டு நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டாள். தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பி, பேசிண்டே வா, எனக்கு போர் அடிக்கறது என்றார். குழந்தைமாதிரி ஆயிட்டேளே என்று அவள் கொஞ்சினாள். அந்த இரண்டு நிமிஷமும் இடது பக்கத்தில் லாரி போயிற்றோ, பஸ் போயிற்றோ, யார் உயிர் போக இருந்ததோ?

அதை நினைக்கும்போதே அடியிலிருந்து இன்னொன்று எழும்பி வந்தது. அது இதைவிட மோசமாக இருந்தது. பாங்க், மருந்துக் கடை, சலூன் என்று ஒவ்வொரு இடமாக எண்ணிப் பார்த்தாள். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஓட்டலுக்கு அவர் ஒரு நாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. பார்க்குக்கு வாக்கிங் போகும்போது கூப்பிட்டதில்லை. கார் எடுத்தால் மட்டும்தான் அவள் வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு இடது கண். அது அவள் முகத்தில் இருந்தது, அவ்வளவுதான். இதைப் பிரியம் என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தோமே என்று அவமானத்தில் காது சூடேறியது.

ஷோரூமில் லாவண்யா இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். நல்ல மனசுக்காரிதான், ஆனால் பாவம், தொழில் பழக்கம் போகுமா? இதே வண்டியில் மேல் மாடல் எடுத்தால் நேவிகேஷனோடு சுற்றிவர நாலு பக்கமும் கேமரா வரும், பக்கத்தில் எது வந்தாலும் சத்தம் கொடுக்கும் சார் என்றாள். சீனிவாசராகவன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சத்தம் எந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் வரும் என்று விசாரித்தார்.

அனந்தலக்ஷ்மி அவரைப் பார்த்தாள். அரை மணிக்கு முன்னால் ஒரு குழந்தை செத்திருக்க வேண்டியது.

"ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லுங்கோ," என்றாள். "இத்தனை நாள் என்னைக் கூட்டிண்டு போனதெல்லாம் இதுக்குத்தானா?"

லாவண்யா எதிரில் இருக்கிறாளே என்று அவர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, இரண்டு வருஷம் சொல்லியிருக்கிறாரே. ஆனால் இப்போது சொல்லவில்லை.

"ஆமாம்," என்றார். "உன்கிட்ட சொன்னா வண்டியை விடச் சொல்லுவே."

அவள் எழுந்தாள். நேவிகேஷன் வேண்டாம், கேமராவும் வேண்டாம், வண்டியே வேண்டாம் என்று லாவண்யாவிடம் சொன்னாள். அவர் முன்னால் இருந்த, அவர்கள் வந்த பழைய காரின் சாவியை எடுத்து லாவண்யா பக்கம் மேஜைமேல் நகர்த்தினாள். அது இங்கேயே நிற்கட்டும், யாரையாவது விட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நாற்பது வருஷமாக ஓட்டியவர் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அவள் சாவியைத் திருப்பி எடுக்கவில்லை.

வெளியே வந்து ஆட்டோவை நிறுத்தினாள். எப்போதும் அவர் முதலில் ஏறி உள்ளே நகருவார், அவள் அப்புறம் ஏறுவாள். இன்றைக்கு அவளே முதலில் ஏறி அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். அவர் ஏறி உட்கார்ந்ததும் அவள் அவருக்கு வலது பக்கம் ஆகிவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக அவரோடு எத்தனையோ மைல் போயிருக்கிறாள், அவர் கண் செத்துப்போன பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. ஊருக்குப் போகிறோமே என்று உடுத்திய பட்டும் வைத்த பூவும் அவர் பக்கத்தில் சாம்பலாகத்தான் இருந்திருக்கும். அவளுடைய குரலைத் தவிர அங்கே அவருக்கு ஒன்றும் இல்லை.

"இனிமே கார் கிடையாது," என்றாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமும் கிடையாது."

மல்லேஸ்வரத்துக்குள் நுழையும்போது அவர் தலையை அவள் பக்கம் லேசாகத் திருப்பினார். அந்தப் பக்கத்துக்குத் தோளைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

"கூப்பிட்டா வருவியா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் இப்படி ஒன்று கேட்டதில்லை. கிளம்பு என்பார், அவள் கிளம்பிவிடுவாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதில் அவளுக்கு இன்று காலைவரை சந்தேகமே இருந்ததில்லை. இப்போது பதில் நாக்கு நுனிவரைகூட வரவில்லை. தன்னிடம் இப்படியும் ஒரு மௌனம் இருக்கிறதா என்று அவள் திகைத்துப்போனாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சம்பிகே ரோட்டில் சிக்னல் விழுந்து ஆட்டோ நின்றது, பச்சை விழுந்து கிளம்பியது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.