திரும்பி வரும் கம்பி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அப்பா வயரிங் காண்டிராக்டர். கணக்கெல்லாம் நான்தான் போட்டுத் தருவேன்: எத்தனை ஆம்பியர் போகும், வழியில் எத்தனை வோல்ட் குறையும், கேபிளிலேயே எவ்வளவு பவர் சூடாகி வீணாகும். பாலிடெக்னிக் முதல் வருஷம் என்ற திமிர் எனக்கு. பெண்கள் விடுதியின் பின்கட்டுக்கும் போட்டேன். முப்பத்திரண்டு ஆம்பியர், அறுபது மீட்டர், நாலு ஸ்கொயர் தடிமன் கேபிள். ஒன்பது வோல்ட் குறையும் என்று வந்தது. விதிப்படி பதினொன்றரை வோல்ட்டுக்குள் இருந்தால் போதும். மின்சார இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

போன வாரம் வகுப்பில் சார் ஒரு பல்பை வரைந்து, போகிற கம்பி ஒன்று, திரும்பி வருகிற கம்பி ஒன்று என்று இழுத்தார். நான் போகிற கம்பிக்கு மட்டுமே போட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்தால் எல்லாமே இரட்டிப்பு. பதினெட்டு வோல்ட். ஐந்நூற்று அறுபது வாட் சூடு, அரை இஸ்திரிப் பெட்டி அளவு.

அப்பா சாப்பிட்டுவிட்டுச் செம்புக் கம்பி இழையால் பல் குத்திக்கொண்டிருந்தார். அந்த விடுதிக் கேபிளில் உரித்த இழை.

"அப்பா, தப்பா போட்டுட்டேன். பத்து ஸ்கொயர் போட்டிருக்கணும்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ குடுத்த அன்னைக்கே. முப்பது வருஷமா கம்பி இழுக்கறேன், திரும்பி வர்றது தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"தப்பு நமக்குச் சாதகமா வந்துச்சு, மெல்லிசு கேபிள்ல காசு மிச்சம். அதை ஏன் நோண்டணும்?" பல்லிலிருந்து வந்ததை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டோரம் தடவினார். "தாள்ல இருக்கறது உன் கையெழுத்து. மறந்துடாத, கண்ணு."

அந்தக் 'கண்ணு'வைக் கேட்டதும் குளிக்க வேண்டும்போல இருந்தது.

இன்று சாயங்காலம் விடுதிக்குப் போனேன். கடைசி அறையில் ஒரு நர்ஸ் அக்காவும் அவர் அறைத் தோழியும். அக்காவின் கட்டில் தலைமாட்டில் பலகைப் பெட்டி. மிச்சக் கேபிளை வெட்டாமல் அதற்குள்தான் அப்பா சுருட்டி அடைத்திருந்தார்; சூடு வெளியேற வழியில்லை. பெட்டியின் மேல் வரிசையாகக் காலுறைகள்.

"ஹீட்டர் போட்டா போதும், பெட்டி சூடாயிடும், ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்" என்றார் அக்கா. "நாத்தம்தான் கொஞ்சம். நான் இவ காலுங்கறேன், இவ என் காலுங்கறா."

மூடியைத் திறந்தேன். அழுகின மீன் வாடை. கேபிள் உறை, மென்று துப்பிய மிட்டாய் மாதிரி விரலில் ஒட்டியது. எத்தனை துடைத்தும் போகவில்லை.

வார்டனிடம் ஓடினேன். அவர் அப்பாவுக்குப் போன் போட்டார். அப்பாவின் சிரிப்பு எனக்கே கேட்டது. "பரீட்சை பயம்மா அவளுக்கு. எதைப் பாத்தாலும் எரியுதும்பா." வார்டனும் சிரித்தார்.

நான் நேராகப் பின்கட்டு மெயின் பெட்டிக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன். கட்டைக்குப் பதில் வெறும் கம்பியை முறுக்கி வைத்து ஓட்டிவிடுவார்களே என்று பயம். அதனால் பழைய கணக்கையும் சரியான கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'கடைசி அறைப் பெட்டிக்குள் கேபிளைப் பாருங்கள்' என்று சேர்த்து, கையெழுத்துப் போட்டு அங்கேயே ஒட்டினேன்.

ராத்திரி பத்தரைக்கு வீட்டில் அப்பாவின் போன் அடித்தது, வார்டன்தான். முதலில் சிரித்தார். பிறகு, "தெறந்து பாத்தீங்களா? எல்லாருமா?" என்றார். அப்புறம் வெறும் "ம்".

என் கதவைத் தட்டினார்.

"ஃபியூஸ் கட்டை எங்க?"

தலையணைக்கடியில் இருந்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"அந்தத் தாள்ல இருக்கறது உன் கையெழுத்தா?"

"ஆமாப்பா. மறக்கல."

தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். அப்பா போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பல் குத்துகிற சத்தம் கேட்கிறது.