சார்ஜர் பின்னில் ஒரு கட்டைவிரல்

"நான் இருக்கேன்ல, நானே போட்டுத் தர்றேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் சொன்னபோதே அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த மனுஷர் யாரும் சொல்லாமல் தானாகச் செய்த ஒரே காரியம் தும்மல்தான். பல்பு மாற்றச் சொன்னால் இருட்டு பழகிவிடும் என்பவர், அவளுடைய எட்டு வருஷத்து லேப்டாப்புக்குப் புது ஓ.எஸ். போட நாற்பது நிமிஷ வீடியோவை இரண்டு தடவை பார்த்திருக்கிறார். குறிப்பு வேறு எடுத்து வைத்திருக்கிறார்.

பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜர் பின்னையும் கட்டைவிரலால் இடப்பக்கமாக அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கரண்ட் ஏறும். அந்த வேலை அவளுக்கு வந்தது. "ரெண்டு மணி நேரம் அசையாம பிடிச்சுக்கோ. விட்டா ஆள் மொத்தமா படுத்துடும்" என்றார்.

உள்ளே 'சமையல் குறிப்பு' என்றொரு ஃபோல்டர் இருந்தது. இந்த வீட்டில் யாரும் திறக்கவே மாட்டார்கள் என்று நம்பி வைத்த பெயர். அதில் பதினான்கு மாதமாக அவள் வரைந்த பன்னிரண்டு கட்டட வரைபடங்களும், ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்திலிருக்கும் ஒரு நிறுவனத்துக்கான விண்ணப்பமும் இருந்தன. நாளை கடைசி நாள். போன முறை இப்படியொரு வேலையைப் பற்றி வாயெடுத்தபோது அவர் அவளுடைய அண்ணனுக்கு ஒரு போன் மட்டும் போட்டார். மிச்சத்தை அண்ணன் பார்த்துக்கொண்டான்.

அவர் பென் டிரைவைச் செருகி ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்தார். "பில்லு... போட்டோ... சமையல் குறிப்பா? நீயா?"

"ஏன், நான் பாக்கக் கூடாதா?"

"தாராளமா பாரு. தினம் சாப்பிடறவனுக்குத் தெரியலையேன்னுதான்."

"அதையும் காப்பி பண்ணுங்க."

"பண்ணாம?"

ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பக்கத்திலிருந்து திரையின் சின்ன எழுத்துகள் தெரியவில்லை. பென் டிரைவ் அவருடைய சட்டைப் பைக்குள் போனது. அந்த ஃபோல்டர் ஏறியதா என்று கேட்கலாம்தான். ஆனால் சமையல் குறிப்புக்காக ஒருத்தி இரண்டு தடவை பதறினால் சுவருக்கே சந்தேகம் வரும்.

லேப்டாப் அணைந்து எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. "இருங்க, நான் போடறே..." என்று அவள் தொடங்குவதற்குள் அவர் தட்டி முடித்துவிட்டார். பதினோரு எழுத்து. அதில் 'எம்' மட்டும் முதல் தட்டில் விழாது, இரண்டு தடவை தட்ட வேண்டும். இரண்டு தடவை தட்டினார்.

அந்தப் பாஸ்வேர்டை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

"பழசை எல்லாம் அழிக்கவான்னு கேக்குது."

"எல்லாம் ஏறிடுச்சா?"

"எல்லாம்னா?"

"எல்லாம்."

"வேணுங்கறது ஏறியிருக்கு."

யாருக்கு வேணுங்கறது? கட்டைவிரல் ஒரு நூல் நகர்ந்தால் போதும், திரை செத்துவிடும், பதினான்கு மாதமும் உள்ளேயே பத்திரமாக இருக்கும். ஏன் விட்டாய் என்று கேட்பார். என்ன சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று கேட்டது. அழுத்திவிட்டார்.

ஒன்று. ஒன்பது. இருபத்திரண்டு சதவீதம். உள்ளேயிருந்த விசிறி மூச்சிரைத்தது. இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை மரத்துப் போயிருக்கும், குடு" என்றார் அவர். "நாளைக்கு உனக்கு வேலை இருக்கு."

"நாளைக்கு என்ன வேலை?"

அவர் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்து, தன் கட்டைவிரலை அவளுடைய கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பின்னின்மேல் வைத்தார். அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. குனிந்திருந்த அவருடைய சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் பாதி வெளியே எட்டிப் பார்த்தது. திரையில் முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே நின்றது.