பின்வாசல் பூட்டு

முத்தையாபுரத்தில் இருந்த அந்த முதியோர் இல்லத்தின் பின்வாசலில் இனிமேல் பூட்டு தொங்கக் கூடாது என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். தீப்பிடித்தால் நடக்க முடியாதவர்களை அந்த வழியாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அவர் சொன்னது சரிதான். பொறுப்பு நர்ஸ் ஈவாஞ்சலின் அப்போதே பூட்டைக் கழற்றினாள். கழற்றும்போதே வன்னியபெருமாளின் நினைவு வந்து அவளுக்கு அயர்ச்சியாக இருந்தது.

வன்னியபெருமாள் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். இப்போது மறதி நோய். மனைவி இறந்தது நினைவில் இல்லை. மகனின் முகம்கூடச் சில நாள்தான் பிடிபடும். கால்கள் மட்டும் திடமாக இருந்தன. வெயில் ஏறிவிட்டால் இருப்புக் கொள்ளாது. "பாத்தியில தண்ணி வத்திருக்கும். ஒரு பயலும் பாக்க மாட்டானுவ" என்று கிளம்பிவிடுவார்.

இல்லத்தை நடத்தும் செல்வினிடம் ஈவாஞ்சலின் பேசிப் பார்த்தாள்.

"சார், முன்வாசல்ல ஆள் இருக்கு. பகல்ல பின்வாசல் பக்கம் இருக்க இன்னொரு ஆள் வேணும்."

"பாப்போம் சிஸ்டர். இந்த வேலைக்கு யாரு வாரா? எல்லாரும் கம்பெனிப் பக்கம் போயிருதாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் ஈவாஞ்சலின் தன் மேசையைப் பின்வாசல் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். மாத்திரை பிரிப்பது, போன் பேசுவது, சாப்பிடுவது எல்லாம் அங்கேதான். உள்ளே யாராவது கூப்பிட்டால் ஓட வேண்டும்; உடனே திரும்பி ஓடிவர வேண்டும்.

ஒருநாள் மதியம் ஆக்னஸ் என்ற கிழவிக்குச் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஈவாஞ்சலின் உள்ளே ஓடி, முதுகில் தட்டி, வாயைச் சுத்தம் செய்து, அவள் மூச்சு சீரானதும் திரும்பி வந்தாள். கதவு திறந்து கிடந்தது. வன்னியபெருமாளைக் காணவில்லை.

லாரிகள் போகிற ரோட்டில் பதறி ஓடியவள், பஸ் ஸ்டாப்புக்கு அப்பால் ஒரு உப்பளத்தின் வரப்பில் அவர் குத்துக்காலிட்டு இருப்பதைக் கண்டாள். காலில் செருப்பில்லை. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது.

"ஏளா, மடையை எவன் அடைச்சான்?" என்று அதட்டினார்.

"நான் பாத்துக்கிடுதேன் அய்யா. எந்திரிங்க, போவோம்."

மறுநாள் அவருடைய மகன் செந்தூர்வேல் வந்தான். திருச்செந்தூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன். அப்பாவின் காலைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கட்டிப் போட வேண்டியதுதான சிஸ்டர்?"

"கட்ட மாட்டோம் அண்ணாச்சி. கட்டினா எந்திரிக்கப் பாத்து கட்டிலோட விழுவாரு. படுத்தே கிடந்தா புண்ணு வைக்கும். அதுபோக, அவரும் மனுசன்லா?"

"அப்ப லாரியில அடிபட்டுச் சாகட்டும்னு சொல்லுதியளா?"

செந்தூர்வேல் அன்றைக்கே அப்பாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்று ஈவாஞ்சலின் நெடுநாளைக்குப் பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். மனசு லேசாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்துக் கூசவும் செய்தது.

சில வாரங்கள் கழித்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. செந்தூர்வேல் அப்பாவைத் தாங்கலாகப் பிடித்து இறக்கினான். தானே இறங்கி முன்னால் நடக்கிற மனிதர், பிடித்த கையோடு அப்படியே நின்றார். இரண்டு மணிக்கட்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நாந்தான் கட்டினேன்" என்றான் செந்தூர்வேல், யாரும் கேட்பதற்கு முன்பே. "கடையை விட்டுட்டு எத்தனை நாளு இருக்க முடியும்? வீட்டுக்காரியும் முடியலன்னு அழுதுட்டா. மொதல்ல அவுத்து விடுலன்னு கத்துனாரு. பொறவு கத்துறதையும் விட்டுட்டாரு. அதான் எனக்குப் பயமாப் போச்சு."

ஈவாஞ்சலினுக்கு அவனைத் திட்டத் தோன்றியது. பல நாள் தூங்காத அவன் கண்களைப் பார்த்ததும் மனம் வரவில்லை. உப்புநீரில் பஞ்சை நனைத்துப் புண்ணைத் துடைத்தாள். எரிந்திருக்கும். வன்னியபெருமாள் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து வைத்துக் கட்டிவிட்டு நேராகச் செல்வினிடம் போனாள்.

"சார், ஆள் போடாம இவரைச் சேத்துக்கிட்டா நான் இருக்க மாட்டேன். மிரட்டல. என்னால முடியல, அவ்வளவுதான்."

செல்வின் அவளை நிமிர்ந்து பார்த்தார். வாக்குவாதம் செய்யவில்லை. துறைமுகத்தில் காவலாளியாக இருந்து ஓய்வுபெற்ற மாடக்கண்ணு என்பவர் அந்த வாரமே வேலைக்கு வந்தார். "தடுக்காதீங்க. அவரு எந்திரிச்சா கூடவே நடங்க, போதும்" என்று ஈவாஞ்சலின் அவரிடம் சொல்லிவைத்தாள்.

ஆனால் வன்னியபெருமாள் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்த்தி வைத்த இடத்தில் இருந்தார். மாடக்கண்ணு காலையும் மாலையும் அவரைத் தூக்கி நிறுத்தி, நாலு எட்டு நடக்கவைத்தார். புண் ஆறியது, பழைய நடை திரும்பவில்லை.

செந்தூர்வேல் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வரத் தொடங்கினான். அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றி மெதுவாக நடப்பான். அப்படி நடக்கும்போது ஒருநாள் வன்னியபெருமாள் நின்று அவன் முகத்தையே பார்த்தார்.

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

"உங்க வீட்டுப் பிள்ளைதான்யா."

"அப்படியா" என்றார். கையை விலக்கிக்கொள்ளவில்லை. இருவரும் மறுபடி நடந்தார்கள்.

ஜன்னல் வழியாக ஈவாஞ்சலின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். போனாள்.