வடபகுதியார்

யோன் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் கலியாணக் கார்ட் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். 2014 கோடையில் ஸ்பெயினில் இருக்கிற சந்தியோகுமையோர் என்ற அப்போஸ்தலரின் கோயிலுக்கு பஸ் ஒழுங்கு செய்ததும் அவன்தான். வருகிற ஐம்பது பேருக்கும் கொடுக்க, கோயில் இருக்கிற கொம்போஸ்தெலா நகரத்தின் கதையைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கும் வேலையை அண்ணி இம்மாகுலேற்றின் தலையில் கட்டிவிட்டான்.

அவள் மன்னார்க்காரி. 2009 மாசியில் வன்னியில் புருசனை இழந்தவள். யோன்தான் இங்கே கூப்பிட்டு, கடையில் வேலையும் கொடுத்தான். புருசன் பெயரும் சந்தியோகுதான். செல் குண்டு விழுந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்று யோனிடம் சொல்லியிருந்தாள். அண்ணன் நோகாமல் போய்ச் சேர்ந்தான் என்று அவனும் ஆறுதல்பட்டு, வருடாவருடம் பூசை ஒப்புக்கொடுத்தான். அந்த ஒரு பொய்யில்தான் அவள் அவன் வீட்டில் குடியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் எழுதியதைத் திருத்தச் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்த யோனுக்கு முதல் பக்கத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது.

“அண்ணி, 'வடபகுதியார் கப்பலில் வந்து ஆயரைக் கொன்றார்கள்' எண்டு போட்டிருக்கிறியள். எங்கடை நாட்டிலை வடபகுதியார் எண்டா நாங்களெல்லோ?”

“பிரெஞ்சிலை வடக்கு ஆக்கள் எண்டுதானே கிடக்குது.”

“அது வைக்கிங் ஆக்கள், கடற்கொள்ளைக்காரர். இதை இப்பிடியே அடிச்சா பஸ்ஸிலை ஒருத்தரும் ஏறமாட்டினம்.”

அவளும் சிரித்து வைத்தாள். கண் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது.

கொள்ளை, தீ, கொலை என்று பக்கம் பக்கமாக வடபகுதியார் வெட்டுப்பட்டு வைக்கிங் ஆனார்கள். கடைசிப் பக்கத்தில் பேனை நின்றது. 'வடபகுதியார் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நடக்க ஏலாதவரைப் பங்கர்க் குழிக்குள் விட்டுவிட்டுப் போனார்கள்.'

“வைக்கிங்காரன் ஏன் கோயில் சிலையைத் தூக்கிறான்? ஆயிரம் வருசத்துக்கு முந்திப் பங்கர் எங்காலை? சனம் ஓடினது எண்டு மட்டும்தானே பிரெஞ்சிலை கிடக்கு.”

அவன் வெட்டப் போனான். இம்மாகுலேற் பேனையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதை மட்டும் மாத்தாதேயும், தம்பி. அது நாங்கள்தான்.”

யோன் நிமிர்ந்து பார்த்தான்.

“வன்னியிலை எங்கடை கொட்டில் கோயில் எரிஞ்சுது. சந்தியோகுமையோரைச் சாக்கிலை சுத்தி என்ரை தோளிலை வைச்சினம். இவருக்குச் செல் விழுந்து ரெண்டு காலும் போட்டுது. சுருவத்தைத் தூக்கப் பெலன் இருந்தது, இவரைத் தூக்க இருக்கேல்லை. இவர் உடனை சாகேல்லை, யோன். என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தவர்.”

அவன் பேனையைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்:

“எவ்வளவு தூரத்துக்குக் கேட்டது?”

“றோட்டுக்கு ஏறுமட்டும்.”

யோன் அந்த வரியில் கைவைக்கவில்லை. ஐம்பது பிரதியும் அப்படியே அடித்தான். பிறகு பயணிகள் பட்டியலை எடுத்து, அதே சிவப்புப் பேனையால் இம்மாகுலேற் என்ற பெயரை வெட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்டும் செபமாலையுமாகச் சனம் ஏறியது. அவள் கடை வாசலில் நின்றாள். பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.