ஓர் அங்குலம் கூடுதலான கிளட்ச் கேபிள்

கிளட்ச் கேபிள் அறுந்த வேனைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பொன்செல்வி போய் நின்ற இடம், கண்ணுகளா, தாராவியில் அவள் தலைவைத்துப் படுக்கவும் விரும்பாத கேரேஜ். அவள் கணவனின் அண்ணன் ஞானதுரையுடையது.

இருவருக்கும் பேச்சு நின்று மூன்று வருடம். கணவன் ஜெபஸ்டின் இறந்த நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு, "வண்டிய வித்துரு, பொம்பள ஓட்ட வேண்டாம்" என்றார் ஞானதுரை. அவள் விற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டினாள். ஆனாலும் வண்டியில் கைவைப்பது அவர்தான். வெளியாளிடம் விட்டால் அவர்கள் குடியிருக்கும் சீத்தா கேம்ப் முழுக்க வாயில் போட்டு மெல்லும் என்று இருவருக்குமே பயம். பேச வேண்டியதை வாசலில் டீ விற்கும் அம்மிணியிடம் பேசுவார்கள், மற்றவர் காதில் விழும் சத்தத்தில்.

பன்னிரண்டரைக்குச் செம்பூரில் பள்ளி விடும். பதினோரு பிள்ளைகள். இந்த மாதத்தில் இரண்டு முறை தாமதம். இன்னொரு தடவை என்றால் பிள்ளைகளைச் சுரேந்திரன் வேனில் மாற்றிவிடுவோம் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள்.

"அம்மிணி, லோக்கல் கேபிள் மாட்டுதேன்னு சொல்லு. இதுக்குக் கம்பெனி கேபிள் ஆகாது" என்றார் ஞானதுரை, வண்டிக்கு அடியிலிருந்து.

"அவரு பொண்டாட்டி ஓட்டுத வண்டிக்கு லோக்கல் போடுவாராமா, கேளு."

"எம் பொண்டாட்டிக்கு அந்தத் திமிரு கெடையாதுன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது" என்று அம்மிணி டீயை ஆற்றினாள்.

"ஏன் ஆகாதாம்?"

"காரணம் வேணும்னா எங்கிட்ட நேர்ல கேக்கட்டும்."

அதைவிட அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள். டாக்ஸி பிடித்து மாட்டுங்கா கடைத்தெருவுக்குப் போய், முத்திரை உடையாத கம்பெனி பெட்டியோடு திரும்பினாள். பெட்டியைப் பார்த்து ஞானதுரை இலேசாகச் சிரித்தார். அதையே மாட்டிக் கொடுத்தார்.

செம்பூர் போகும் வழியில் பாலத்தில் ஏறும்போது இன்ஜின் அலறியது, வண்டி ஏறவில்லை. கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. பின்னால் ஹாரன், ஹிந்தியில் வசவு. இரண்டு பேர் பிடித்துத் தள்ளி வண்டியைத் திருப்பிவிட்டார்கள். ஊர்ந்து ஊர்ந்து கேரேஜுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு.

இந்தத் தடவை அவள் அம்மிணி பக்கம் திரும்பவில்லை.

"என்ன செஞ்சீங்க அத்தான் வண்டிய?"

மூன்று வருடத்தில் முதல் 'அத்தான்'. அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ கொண்டாந்ததப் போட்டேன். அந்தக் கேபிளப் பிடிக்குத பிராக்கெட்டு தம்பி இருக்கும்போதே உடைஞ்சிட்டு. வெல்டு வச்சது நான்தான். ஒரு இஞ்சு தள்ளி உக்காந்துட்டு. கம்பெனி கேபிள் எட்டாது. இழுத்துப் பிடிச்சிக்கிட்டே நிக்கும், கிளட்ச் நழுவும்."

"தெரிஞ்சே மாட்டுனீங்க. பிள்ளைங்க ஏறுத வண்டி."

"அதுங்க ஏறுமுன்ன நின்னுரும்னு தெரியும்."

"அம்மிணிகிட்டயாவது சொல்லிருக்கலாம்ல."

"நான் வச்ச கோண வெல்ட டீக்கடையில வச்சா சொல்லச் சொல்லுத?"

ஆணியில் ஒரு கேபிள் தொங்கியது. அதில் ஒட்டிய காகிதத்தில் அவள் வண்டி எண். ஓர் அங்குலம் கூட்டி அளவு கொடுத்து எப்போதோ செய்து வாங்கி வைத்திருந்தார். கம்பெனி கேபிளைக் கழற்றி அதை மாட்ட அரைமணி நேரம் ஆனது.

பள்ளி வாசலில் நான்கு பிள்ளைகள் மட்டும் நின்றிருந்தார்கள். ஏழு பேர் சுரேந்திரன் வேனில் போயாயிற்று.

திரும்பும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, கால் எடுத்ததும் இதமாக மேலே வந்தது. ஜெபஸ்டின் ஓட்டிய நாளில் இருந்தது போலவே. காலையிலேயே ஆணியில் தொங்கிய கேபிள். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து கேரேஜ் வாசலில் வேனை நிறுத்தினாள். இறங்கவில்லை.

"அம்மிணி, அந்தக் கம்பெனி கேபிள எடுத்துக் கொடு. பிராக்கெட்ட வெளியாளுகிட்ட விட்டு நேராக்கி, இதையே மாட்டிக்கிடுதேன். ஊரு பேசுனா பேசட்டும்னு சொல்லு."

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. அம்மிணி பெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். சொல்லச் சொன்னதை உள்ளே கொண்டுபோகாமல் டீயை ஆற்றப் போனாள்.