ஹால் வழியாகப் போகும் பேருந்து

மே மாதத்தில் எங்கள் வீட்டு ஹால் நீண்டுவிடும். படுக்கையறை பாளையங்கோட்டையிலேயே இருக்கும். பாத்ரூம் கோவில்பட்டிக்குப் போய்விடும்.

எனக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய். நரம்பு டாக்டர் வீட்டுக்கு வந்தபோது என் காலைப் பார்க்கவில்லை. ஹாலைத்தான் பார்த்தார்.

"உடம்பு சூடானா இது நீளும்மா. குளிர்ச்சியா இருங்க. அலுத்துப் போறதுக்கு முன்னாடியே உக்காந்திருங்க."

அவருக்குத் திரும்பிப் போக வழி தெரியவில்லை. என் கணவர் இஸ்ரவேல்தான் வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

இன்று காலை பாத்ரூம் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்கோ அவசரம்.

"தூக்கிட்டுப் போறேன், எப்சி."

"ஒண்ணும் வேண்டாம் அத்தான். நானே போவேன்."

அந்த ஓர் இடத்துக்காவது நானாகப் போய்வர வேண்டும். அது என் பிடிவாதம். இஸ்ரவேல் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் நனைத்தார். டிவி பக்கத்தில் கோவில்பட்டிப் பேருந்து வந்து நின்றதும் ஜன்னல் வழியாக வீசி இடம் பிடித்தார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். என் சீட்டில் ஒருவர் உட்காரப் பார்த்தார்.

"துண்டு ஈரமால்லா இருக்கு?"

"ஈரமாத்தான் இருக்கணும்," என்றார் இஸ்ரவேல். "அவளுக்கு வெக்கை ஆகாது."

"எனக்குந்தான் ஆகாது."

"உங்க வீட்டு ஹால் நீளுதா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"அப்போ நில்லுங்க."

இஸ்ரவேல் துண்டை என் கழுத்தில் சுற்றிவிட்டார். என் இடது கால் கயத்தாறுவரை தூங்கியது. அதை அவர் மடியில் வைத்துக்கொண்டார். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வார் என்று சொல்வதில்லை.

"பாத்ரூம் எல்லாம் இறங்கு!" என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

இஸ்ரவேல் கை கொடுக்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். நானே இறங்கினேன். நானே கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

என் சிறுநீர்ப்பைக்கு ஒரு குணம். அவசரப்படுத்திக் கூட்டிவரும், வந்த பிறகு யோசிக்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரமும் போக வேண்டும். வெளியே ஹாரன் அடித்தார்கள்.

"எவ்ளோ நேரம் ஆவும் அண்ணாச்சி?" இது கண்டக்டர்.

"நல்ல நாள்னா இப்ப வந்துருவா. இல்லன்னா ஐப்பசி மழை வர்றவரைக்கும் ஆவும்."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்துக் கை காட்டினார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். யாரோ புளிச்சாதப் பொட்டலம் பிரிக்கும் வாசனை வந்தது.

"அவசரமில்ல, எப்சி," என்றார் இஸ்ரவேல், கதவுக்கு அந்தப் பக்கம்.

பேருந்தில் இருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள்.